காந்த ஊசல்: கேயாஸை வீட்டிலேயே பார்க்கும் வழி

மூன்று காந்தங்களுக்கு மேலே ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டால் கேயாஸ் கோட்பாட்டைக் கண்ணால் பார்க்கலாம். ஒரே அளவான வில்லைக் காந்தங்கள் மூன்று, கனமான நட்டு, தூண்டில் நரம்பு, கட்டம் போட்ட தாள், மூன்று கலர் பென்சில்கள், தையல் நூல் போதும். தீப்பெட்டியும் வேண்டும்.

காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவிட்டு, திருப்பாமல் பிரித்து எடுத்தால் ஒரே துருவம் மேலே இருக்கும். 8 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்தின் முனைகளில் அவற்றை டேப் போட்டு ஒட்டி, மேலே மெல்லிய அட்டையையும் கட்டத் தாளையும் பரப்ப வேண்டும். ஒவ்வொரு காந்தத்துக்கும் ஒரு நிறம் குறிக்கலாம். முக்கோணத்தின் நடுவுக்கு நேர்மேலே, 70 செ.மீ. நரம்பில் நட்டு தொங்கட்டும்.

உயரத்தைச் சரிசெய்வதில்தான் பொறுமை வேண்டும். எப்படி ஆட்டிவிட்டாலும் நட்டு நடுவுக்கே திரும்பினால் சற்று இறக்க வேண்டும்; அட்டையில் போய் ஒட்டிக்கொண்டால் ஏற்ற வேண்டும். ஏதாவது ஒரு காந்தத்தின் மேல், அட்டையைத் தொடாமல் அது நின்றால் கருவி தயார்.

கையால் விட்டால் விரலின் தள்ளலும் சேர்ந்துவிடும். அதனால் நட்டைத் தையல் நூலால் பக்கவாட்டில் இழுத்து ஒரு செம்பில் கட்டி, நூலைத் தீக்குச்சியால் சுட்டு அறுப்பதே சரியான முறை. சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் கூட இருப்பது கட்டாயம். ஃபேன் ஓடக்கூடாது, காற்று வீசினால் ஜன்னலையும் அடைக்க வேண்டும்.

நட்டு எந்தக் காந்தத்தின் மேல் நிற்கிறதோ அதன் நிறத்தை, அது புறப்பட்ட கட்டத்தில் தீட்ட வேண்டும். காந்தங்களுக்கு அருகே ஒரே நிறம் திட்டுத்திட்டாகச் சேரும். தள்ளிப் போகப் போக நிறங்கள் கலந்து, அடுத்தடுத்த கட்டங்களே வேறு வேறு நிறம் பெறும். அங்கே ஒரே கட்டத்திலிருந்து மறுபடி விட்டாலும் முடிவு மாறலாம். ஈர்ப்பு விசை, காந்த விசை, காற்றின் தடை எதிலும் மாற்றமில்லை. புறப்பட்ட இடத்தில் இருந்த மயிரிழை வித்தியாசம் ஒவ்வொரு வளைவிலும் பெருகுகிறது; இதுவே கேயாஸ். காந்தங்களை எடுத்துவிட்டு ஆட்டினால் நட்டு ஒவ்வொரு முறையும் நடுவிலேயே வந்து நிற்கும்.

1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரென்ஸ் கணினியில் 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கொடுத்தபோது, கணித்த வானிலை அடியோடு மாறியது இதே காரணத்தால்தான்.

அடுத்த படியாக மின்சுற்றிலும் கேயாஸைக் காணலாம். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம். லட்சுமணனும் கே. முரளியும் மின்பொறியியல் அறிஞர் லியோன் சுவாவுடன் சேர்ந்து 1994-இல் வெளியிட்ட எளிய சுற்று, மூவர் பெயராலும் வழங்குகிறது.