முழுக் கல்யாணத்தையும் காட்டச் சொல்லுங்கள்

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என் தொழில். மதுரையில் 22 வருடமாகச் செய்துவருகிறேன். போட்டோகிராபர்கள் எடுத்த படங்கள் ஹார்டு டிஸ்க்கில் என் மேஜைக்கு வரும். ஒரு கல்யாணத்துக்கு 3,000, 5,000, சில வீட்டுக்கு 8,000 படங்கள்கூட இருக்கும். அவற்றிலிருந்து வீட்டார் தேர்ந்தெடுத்த முன்னூறு சொச்சத்தை ஆல்பத்தில் அடுக்குவது என் வேலை. ஆல்பத்தைப் புரட்டுகிறவர்களுக்கு அந்த முன்னூறுதான் தெரியும். எனக்கு மிச்சமும் தெரியும். எடுத்தவர் தொழில் தெரிந்தவரா, ஏதோ பத்துப் படம் நன்றாக அமைந்ததை வைத்துப் பேர் வாங்கியவரா என்பதை அந்த மிச்சம் சொல்லிவிடும்.

அதனால் "போட்டோவுக்கு யாரைப் பிடிக்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் ஸ்டூடியோ பெயர் எதையும் நான் சொல்வதில்லை. ஒரு காரியம் மட்டும் செய்யச் சொல்வேன். அவர் சமீபத்தில் முடித்த ஒரு கல்யாணத்தை முதலிலிருந்து கடைசிவரை காட்டச் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராம் பக்கம் போதாது. அங்கே இருப்பவை ஐம்பது கல்யாணங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிய படங்கள்; பாதி சாயங்கால வெயிலில், யாரும் அவசரப்படுத்தாத அவுட்டோரில் எடுத்தவை. உங்கள் கல்யாணம் விடியற்காலை ஐந்து மணிக்கு, பெட்ரோமாக்ஸ் காலத்து ஜன்னல் வைத்த மண்டபத்துக்குள், ஓமப் புகைக்கு நடுவில் நடக்கப் போகிறது. அப்படிப்பட்ட ஒரு கல்யாணத்தை அவர் எப்படி எடுத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டாரின் சம்மதம் வாங்கி, தன் ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டவே முடியாது என்பவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

பார்க்கும்போது நேராகத் தாலி கட்டும் இடத்துக்குப் போங்கள். ஐயர் கையை உயர்த்தி "கெட்டிமேளம்" என்றதும் நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும். மண்டபமே எழுந்து நிற்கும். அட்சதை பறக்கும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பல வீடுகளில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்த இரண்டையும் நாத்தனார் போடுவார். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை படம் இருக்கிறது, எத்தனை பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார், பெண்ணின் முகம் தெரிகிறதா, முடிச்சுப் போடும் விரல் தெரிகிறதா, பின்னால் நிற்கும் அம்மாவின் முகத்துக்கு ஒரு படமாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். வீடியோக்காரரின் முதுகு எத்தனை படத்தில் விழுந்திருக்கிறது என்றும் எண்ணுங்கள். போட்டோகிராபரும் வீடியோகிராபரும் சேர்ந்து பழகிய குழுவா, அன்று காலையில்தான் முகம் பார்த்துக்கொண்டவர்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து நிறம். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. மாநிறத்துப் பெண்ணை வெள்ளையாக்கி அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. முகத்தை வெளுக்கும்போது அரக்குப் பட்டு சிவப்பாகிவிடும், ஜரிகை வெள்ளியாகிவிடும், பக்கத்தில் நிற்கும் அப்பா மட்டும் தன் நிறத்தில் இருப்பார். இருவரும் வேறு வேறு நாளில் எடுத்த படம்போல் நிற்பார்கள். மாதிரி பார்க்கும்போது உங்கள் வீட்டுப் பெண்ணின் நிறத்தில் இருக்கும் ஒரு மணப்பெண்ணைத் தேடிப் பாருங்கள். கழுத்தும் கையும் முகமும் ஒரே நிறமாக இருக்கின்றனவா? இருந்தால் அவருக்கு வெளிச்சம் தெரிகிறது. "எங்க பொண்ணு நிறத்த மாத்தாதீங்க" என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி இன்னொன்று. படம் கெட்டுப்போனால் போட்டோகிராபரைத் திட்டுகிறோம். பல நேரம் கெடுத்தது மேடை அலங்காரக்காரர் வைத்த ஊதா விளக்கு. ஊதாவும் பச்சையும் முகத்தில் விழுந்துவிட்டால் எந்த கம்ப்யூட்டரிலும் முழுசாக எடுக்க முடியாது. எல்இடி விளக்கும் எல்இடி திரையும் நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு மின்னுபவை. கேமராவின் ஷட்டர் வேகம் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கறுப்பு விழும். அனுபவசாலி இதைச் சமாளிப்பார். ஆனாலும் அலங்காரக்காரரின் போன் நம்பரைப் போட்டோகிராபரிடம் கொடுத்து இருவரையும் ஒரு தடவை பேச வையுங்கள். முகூர்த்தத்துக்கு மேடையில் வெறும் வெள்ளை விளக்கு, கலர் விளக்கெல்லாம் முந்தின நாள் ரிசப்ஷனுக்கு. செலவில்லாத இந்த ஏற்பாட்டால் பிழைத்த ஆல்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

படம் பார்த்துத் திருப்தியானதும் கேட்க வேண்டிய கேள்வி, "அன்னிக்கு யார் வருவாங்க?" என்பது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. மிச்ச மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில் எல்லா மண்டபமும் ஒரே நாளில் நிரம்பும். பேர் வாங்கிய ஸ்டூடியோ அன்று மூன்று, நாலு இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கும். உங்களிடம் படம் காட்டியவர் ஒரு மண்டபத்தில் இருப்பார், உங்கள் மண்டபத்துக்கு நாள்கூலிக்குப் பேசிய தம்பி வருவார். அந்தத் தம்பி திறமைசாலியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் பார்த்தது அவர் எடுத்த படத்தை அல்லவே. கேமரா பிடிக்கப் போகிறவரின் பெயரைக் கேட்டு, அவர் எடுத்த கல்யாணத்தைக் காட்டச் சொல்லி, அந்தப் பெயரை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார் என்பதையும்.

வருகிறவருக்கு உங்கள் வீட்டுச் சடங்கு தெரிந்திருக்க வேண்டும். ஐயர் வீட்டில் காசி யாத்திரை, மாலை மாற்றல், ஊஞ்சல், அப்பா மடியில் பெண் உட்காரத் தாலி கட்டுவது. கொங்கு வீட்டில் அருமைக்காரர் நடத்திவைப்பது, மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர். நகரத்தார் வீட்டில் கழுத்திரு அணிவிக்கும் திருப்பூட்டுதல். சுயமரியாதைத் திருமணத்தில் ஓமமும் இல்லை, மந்திரமும் இல்லை. 1967-இல் தமிழ்நாடு சட்டமாக்கிய அந்த முறையில் உறுதிமொழி சொல்லும் கணம்தான் கல்யாணம். கெட்டிமேளத்துக்குக் காத்திருக்கும் போட்டோகிராபர் அங்கே அதைத் தவறவிடுவார். சர்ச்சில் ஃபிளாஷ் போடலாமா என்று பாதிரியாரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் தேவைப்படும். இப்போது நன்றாக எடுக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், சீக்கிரமே பேசிவிடுங்கள். கோயில் கல்யாணம் என்றால் கேமராவுக்கு எதுவரை அனுமதி என்று கோயில் அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. போனில் எடுத்துச் சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே "உங்க வழக்கத்துல தாலி எப்போ கட்டுவாங்க, யார் எங்க நிப்பாங்க?" என்று அவர் உங்களைக் கேட்டால், என் கணக்கில் அவர் பாதி தேறிவிட்டார்.

கேண்டிட், ட்ரெடிஷனல் என்று இரண்டு பேரை வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பணம் இருந்தால் இரண்டும் வையுங்கள். ஒன்றுக்குத்தான் பணம் என்றால், சடங்கையும் உறவு வரிசையையும் விடாமல் எடுக்கும் ட்ரெடிஷனல் ஆளையே வையுங்கள் என்பேன். மருதாணிக் கையும் ஜிமிக்கியும் பின்னணி மங்கலாக அழகாக விழுந்திருக்கும் டிஸ்க்குகளில், தாய்மாமன் குடும்பத்தோடு நிற்கும் ஒரு படம் இல்லாமல் நான் திண்டாடியிருக்கிறேன். ப்ரீ வெட்டிங் ஷூட் எடுப்பதானால் கல்யாணத்துக்கு வருகிறவரே எடுக்கட்டும். பெண்ணுக்கும் பையனுக்கும் அவரிடம் கூச்சம் விட்டுப்போகும். வேறு ஆள் எடுக்கிறார் என்றால் அந்தப் பணத்தை ஆல்பத்தில் போடுங்கள். ட்ரோன் கேட்கிறீர்களா? 2021-இன் ட்ரோன் விதிகளின்படி இஷ்டத்துக்குப் பறக்கவிட முடியாது. விமான நிலையத்தை ஒட்டிய மண்டபங்களில் அனுமதி வாங்குவது கடினம். வாங்கியிருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இனி எழுத்து. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் எழுதி வாங்குங்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்கு வந்து எப்போது போவார்கள், ஆல்பம் எத்தனை ஷீட், எந்தத் தாள், எத்தனை நாளில் கைக்கு வரும். ஷீட் என்பதும் பக்கம் என்பதும் ஒன்றல்ல. 12-க்கு 36 ஆல்பத்தில் ஒரு ஷீட்டை இரண்டு பக்கமாக எண்ணுவோம். 40 என்று எழுதியிருந்தால் எது 40 என்று கேளுங்கள். சொன்ன ரேட்டில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கால் பங்கையாவது ஆல்பம் கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள். அதே நேரம், ஆல்பம் தாமதமாவதில் வீட்டார் பங்கும் உண்டு. படம் தேர்ந்தெடுக்கவே எட்டு மாதம் எடுத்துக்கொண்ட குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. உங்களுக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் உரிமை யாருக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், எடுக்கச் சொன்னவர்தான். மாற்றி ஒப்பந்தம் போட்டிருந்தால் மட்டும் அது மாறும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களின் படத்தை ஸ்டூடியோ தன் பக்கத்தில் போடலாமா கூடாதா என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். பேசியபடி நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட்டு, ஒரே படத்தை இரண்டிலும் பதிய வைக்கிறாரா என்று கேளுங்கள். கார்டு கெட்டுப்போய்த் தாலி கட்டும் படமே இல்லாத குடும்பத்தை எதிரில் உட்கார வைத்துப் பேசியவன் என்பதால் சொல்கிறேன். புது ஹார்டு டிஸ்க் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்து, திருத்தாத படங்கள் உட்பட எல்லாவற்றையும் அதில் வாங்குங்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். அவர் அனுப்பும் லிங்க்கை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

படம் எடுக்க விடியற்காலை நாலு மணிக்கு வந்து நிற்கிறவர்களுக்கு யாராவது ஒருவர் காபி கொடுத்து, நேரத்துக்குப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். வீட்டில் ஒருவரிடம் இதைப் பொறுப்பாக ஒப்படையுங்கள்.

என் அக்கா மகள் கல்யாணத்துக்கு மாமா தெரிந்தவர் மூலமாக ஒரு ஸ்டூடியோவைப் பிடித்திருந்தார். பேசியவர் வரவில்லை, யாரென்றே தெரியாத ஒரு பையன் வந்தான். எட்டு மாதம் கழித்து மாமாவின் அம்மா தவறிப்போனார்கள். அன்று ராத்திரி அக்கா போன் செய்து, "அத்தையோட படம் ஒண்ணாச்சும் நல்லதா இருக்கா பாருடா தம்பி" என்றாள். 5,200 படங்களை விடிய விடியத் தேடினேன். பேத்தி கல்யாணத்துக்காக இரண்டு நாளும் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்த மனுஷி. மூன்று படத்தில்தான் இருந்தார்கள். ஒன்றில் அட்சதைத் தட்டு முகத்தை மறைத்திருந்தது. ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்றில் இலையில் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம்.

அந்தப் பையனைக் குறை சொல்லி என்ன செய்ய? முன்வரிசையில் இருப்பவர் பெண்ணின் அப்பத்தா என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. எவ்வளவு தேர்ந்த போட்டோகிராபரைப் பிடித்தாலும் உங்கள் வீட்டு மனிதர்களை அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்து, கட்டாயம் படம் எடுக்க வேண்டியவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். முகம் தெரிந்த ஒரு சித்தப்பாவையோ மச்சானையோ போட்டோகிராபர் பக்கத்தில் நிறுத்தி, அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். ரிசப்ஷன் கூட்டம் சேருவதற்கு முன்பே பெரியவர்களைத் தனித்தனியாக ஒரு நல்ல நாற்காலியில் உட்கார வைத்து எடுத்துவிடச் சொல்லுங்கள். பட்டியலில் வயதில் மூத்தவர் பெயரை முதலில் எழுதுங்கள்.