செங்கல் அடுப்பும் அதன் முதல் தீயும்

பீட்ஸா என்னும் இத்தாலிய உணவினைச் சுடுதற்குரிய செங்கல் அடுப்பைப் புழைக்கடையிற் கட்டி முடிக்கும் முறையே இக்கட்டுரையின் பொருள். 'அடுப்பு' என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவது கீழே தீயும் மேலே கலமுமாக அமைந்ததொன்றேயாம். இஃதோ தீயும் பண்டமும் ஒரே அறையில் இருக்கப் பெறுவது. ஆதலின் வடிவால் அடுப்பினும் சூளைக்கே அணுக்கமானது. எனினும் 'அடு' என்னும் பகுதி சமைத்தல் யாவற்றிற்கும் பொதுவாதலானும், எமக்கு இதனைக் கட்டித்தந்த கொத்தனார் வேறு பெயர் வழங்காமையானும், யாமும் அடுப்பு என்றே வழங்குவோம்.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையாற் புதையுண்ட பொம்பேயி நகரை அகழ்ந்தபோது வெளிப்பட்ட ரொட்டிக் கூடங்கள் முப்பதிற்கும் மேற்பட்டன. அவற்றுள் ஒன்றன் அடுப்பில் 81 ரொட்டிகள் கரிந்து இட்டது இட்டவாறே கிடந்தமையை 1862-இல் கண்டெடுத்தோர் கண்டனர். எடுக்க வேண்டிய கைகள் எங்கே ஓடினவோ! அவ்வடுப்புகளின் கும்மட்ட வடிவமே அண்மையிலுள்ள நேப்பிள்ஸ் நகரில் இன்றும் பயில்கின்றது. அந்நகரத்துப் பீட்ஸாவிற்கென 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த விதி, 485 பாகைச் சென்டிகிரேடு வெப்பத்தில் 60 முதல் 90 நொடிக்குள் அது வேகவேண்டும் என்கின்றது.

இத்துணை விரைவிற் சுடுவது சுவாலை என்று பலர் கருதுவர். யாமும் அங்ஙனமே கருதியிருந்தோம். உண்மையிற் பெரும்பகுதி சுடுவது செங்கல்லே. ஓரமாக எரியும் விறகின் வெப்பத்தைக் கும்மட்டம் நெடுநேரம் பருகித் தன்னுள் நிறைத்துக்கொண்டு, பின்னர் மேலிருந்து கீழ்நோக்கி வீசுகின்றது. தளத்துக் கல் மாவின் அடியைத் தொட்டுச் சுடுகின்றது. புகை வெளியேறுவதும் காற்று உட்புகுவதும் ஒரே வாய்வழியேயாம். மேற்புறம் புகை, கீழ்ப்புறம் காற்று. ஆகவே புகைபோக்கி கும்மட்டத்தின் உச்சியில் நிற்பதன்று, வாயின் முன்புறத்தே நிற்பது. உச்சியில் துளையிடின் வெப்பமெல்லாம் அதன்வழி ஓடிவிடும். வாயின் உயரம் கும்மட்டத்தின் உள்ளுயரத்தில் நூற்றுக்கு 63 பங்களவு இருத்தல் நன்று என்பது கட்டுவோர் கைக்கொள்ளும் கணக்கு.

கடந்த கோடை விடுமுறையில் தோழர் ஒருவர் இல்லத்துப் புழைக்கடையில் யாம் ஐவரும் இவ்வேலையைத் தொடங்கினோம். ஊர் ரொட்டிக் கடைகளுக்கு அடுப்புக் கட்டிப் பழகிய முதிய கொத்தனார் ஒருவர் துணைநின்றார். இடுப்பளவு மேடை எழுப்பி, அதன்மேல் வெர்மிகுலைட்டும் சிமெண்டும் ஐந்துக்கு ஒன்றாகக் கலந்த நான்கு அங்குலப் படுகை இட்டோம். இஃது இல்லையேல் வெப்பம் மேடைக்குள் இறங்கி வீணாம். அதன்மேல் தீச்செங்கல் பரப்பி, ரசமட்டம் வைத்துத் தளத்தைச் சரிபார்த்தோம். உள்விட்டம் 42 அங்குலம், உள்ளுயரம் 21, வாயின் உயரம் 13.

கும்மட்டத்தைக் கட்டுதற்குக் கொத்தனார் காட்டிய உபாயம் மிக எளிது. 21 அங்குலக் கோலொன்றைத் தளத்தின் நடுவில், எத்திசையும் திரும்புமாறு பொருத்தினார். ஒவ்வொரு கல்லின் முகமும் கோலின் நுனியைத் தொடுமாறு வைத்தால் கும்மட்டம் தானே உருண்டு வரும். ஒன்பது அங்குலக் கல்லைப் பாதியாக வெட்டி அடுக்கினோம். சிமெண்டு மட்டும் இட்ட சாந்து கடுஞ்சூட்டிற் பொடிந்துபோம் ஆதலின், மணல் மூன்று பங்கிற்குச் சிமெண்டு, சுண்ணாம்பு, தீயைத் தாங்கும் களிமண் என்பன ஒவ்வொரு பங்கு சேர்த்தோம். மேலேறுந்தோறும் கல் சாய்ந்து வழுக்கும். சாந்து பிடிக்குமளவும் கையால் தாங்கி நிற்றல் வேண்டும். வளையம் முற்றியவுடன் கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாமே நின்றுவிடும். அதனை முதன்முறை கண்டபோது யாம் கூவிவிட்டோம்.

உச்சிக்கல் வைத்த அன்று கொத்தனார், "தம்பிகளா, உள்ளே ஈரம் இருக்கு. நான் சொல்ற வரைக்கும் தீ வைக்காதீங்க" என்று கூறிச் சென்றார். மறுநாள் மாலையே யாம் தீ வைத்தோம். விடுமுறை முடிய இருபது நாளே எஞ்சியிருந்தது. பொறுக்க மனம் இல்லை. புளிய விறகு நன்கு பற்றிய சிறிது நேரத்தில் உள்ளே 'பட்' என்றோர் ஓசை எழுந்தது; பின்னர் மற்றொன்று. வாயின் வளைவிலிருந்து உச்சிநோக்கி மயிரிழைபோல் வெடிப்பு ஓடிற்று. இரண்டு கற்களின் முகம் சிதறி விழுந்தது.

காரணம் வெளிப்படை. சாந்தில் குடங்குடமாக யாமே ஊற்றிய நீர் அங்கேயே இருந்தது. நீர் ஆவியாங்கால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை வேண்டும். வெளியேற வழியில்லையேல் கல்லைப் பிளந்தாயினும் செல்லும். உட்புறம் சூட்டால் விரிய, புறம் குளிர்ந்தே நின்றதும் வெடிப்பிற்குத் துணையாயிற்று.

கொத்தனார் வந்து பார்த்தார். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருவருத்தம் தந்தது. கற்கள் நெருக்கி நிற்றலின் கும்மட்டம் விழாது என்று கூறி, வெடிப்பைச் சுரண்டிச் சாந்து அடைத்து, ஈரச்சாக்குப் போர்த்தி ஒரு வாரம் விட்டார். அதன்பின் வெறுஞ்சுள்ளித் தீ. முதல்நாள் 150 பாகை, பின்னர் நாளொன்றுக்கு 25 பாகை மிகுதியாக, நாள்தோறும் ஆறு மணிநேரம். முதல் மூன்று நாளும் புறச்சுவர் வியர்த்தது. ஆறாம் நாள் உலர்ந்து நின்றது. அப்பொழுதே செராமிக் நார்ப்பாய் போர்த்தி, வெர்மிகுலைட்டுக் காரை பூசி, மேலே சுண்ணச்சாந்து தீற்றினோம். எஞ்சிய ஆவி போதற்கு உச்சியருகே ஒரு சிறு துளையும் வைத்தோம்.

விடுமுறையின் ஈற்றயல் நாளில் முழுத்தீ மூட்டினோம். கும்மட்டம் முதலிற் கரியால் இருண்டது. ஒன்றரை மணிநேரத்தில் அக்கரி எரிந்து கல் வெளுத்தது. அடுப்பு ஆயத்தமாயிற்று என்பதற்கு அதுவே குறி. முதற் பீட்ஸாவின் அடி கரிந்தது. நேப்பிள்ஸில் வெப்பத்தை மெல்ல விடும் சொரெண்டோக் களிமண் ஓடுகளைத் தளத்திற்கு இடுவர். எம்முடைய தீச்செங்கல்லோ விரைந்து விடுவது. தளத்தைச் சிறிது ஆறவிட்டு இட்டபின் ஏனைய நன்கு வெந்தன. மறுநாட் காலையும் அடுப்பிற் சூடு இருந்தது. தோழரின் அன்னையார் ஒரு தட்டு வேர்க்கடலையை உள்ளே வைத்து வறுத்து, ஊர் திரும்பும் எமக்குப் பொட்டலம் கட்டித் தந்தார்.