தண்ணீருக்கு முதுகு காட்டாதே

அன்பு மகளுக்கு,

கோடை முகாமில் சிறுபிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரப் போவதாக எழுதியிருந்தாய். "17 வயசுப் பொண்ணா? பெரிய மாஸ்டர் யாரும் இல்லையா?" என்று ஒரு தகப்பனார் முகத்துக்கு நேராகக் கேட்டாராமே. அவர்மேல் கோபப்படாதே. பிள்ளையைத் தண்ணீரில் இறக்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

என்னை இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டவன் 15 வயது மாமன் மகன். அவனுக்கே முந்தைய கோடையில்தான் பயம் தெளிந்திருந்தது. அதனால் என் பயம் அவனுக்குப் புரிந்தது. இந்த ஒன்றில் உன்னை மிஞ்ச என்னால் முடியாது. படியில் நின்று அழும் ஐந்து வயதுப் பிள்ளை இந்தத் தொப்பைக்காரனிடமா வரும்? முகத்தை நீருக்குள் வைத்துக் குமிழி விடுவதையும் மல்லாந்து மிதப்பதையும் விளையாட்டோடு விளையாட்டாக நீ பழக்கிவிடுவாய். (பெண்பிள்ளைகளின் அம்மாக்கள் உன்னைத்தான் தேடி வருவார்கள், பார்.) கைவீச்சும், தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குவதும் வேறு. அவை தப்பாகப் படிந்தால் திருத்த மாதக்கணக்கில் ஆகிறது. அந்தக் கட்டத்தில் பிள்ளையை மூத்தவரிடம் அனுப்பிவிடு.

நான் எழுத உட்கார்ந்தது இன்னொன்றைச் சொல்ல. என் 19 வயதில் ஒரு நீச்சல் குளத்தில் ஐந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் காலைப் பிடித்து உதைக்கப் பழக்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு பையன் ஆழத்துக்கு நழுவிவிட்டான். கத்தவில்லை. சினிமாவில் வருவதுபோல் கையை ஆட்டவுமில்லை. மூழ்குகிறவனுக்கு மூச்சு வாங்கவே வாய் போதாது, கூப்பிடுவது எங்கே? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில், நின்றபடியே போய்க்கொண்டிருந்தான். கரையிலிருந்த கிழவர் ஒருவர் வேட்டியோடு குதித்தார். பையன் பிழைத்தான். பார்த்தவர் அவர், நான் பார்க்கவில்லை.

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 16 வயதிலேயே நீச்சல் பயிற்றுநர் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் முதலில் நீந்திக் காட்டச் சொல்கிறது. வயது குற்றமில்லை. முதலுதவி தெரியாமல் இறங்குவதுதான் குற்றம். மூச்சு நின்றவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யாதே. முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்று. பிறகு மார்பை 30 முறை அழுத்தி 2 மூச்சு. சேருவதற்கு முன் முறையாகப் பழகிக்கொள்.

நீ நீருக்குள் இருக்கும்போது கரையில் நின்று தலைகளை எண்ணப்போவது யார் என்று முகாம்காரர்களைக் கேள். பெயரைச் சொன்னால், அந்தத் தகப்பனாரிடமும் போய்ச் சொல். யாருமில்லை என்றால், மகளே, அந்த வேலையே வேண்டாமென்று வந்துவிடு.

உன் பழைய மாஸ்டர்