கொடைக்கானல் இருக்கட்டும், வேடந்தாங்கல் போய் வா

அன்புள்ள குமரா,

வரும் சனி, ஞாயிறில் எல்லாரையும் காரில் கொடைக்கானல் அழைத்துப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். குடும்பத்தோடு கிளம்ப நினைத்தாயே, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் இந்தத் திட்டம் வேண்டாமப்பா. வேளச்சேரியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு பகல், வர ஒரு பகல், நடுவே ஓர் இரவு. மலையேற இ-பாஸ் வேறு. திங்கட்கிழமை ஆபீசில் கண் எரிய உட்கார்ந்திருப்பாய். நாலு நாள் லீவு சேரும்போது போக வேண்டிய ஊர் அது.

இரண்டு நாள்தான் என்றால், இரண்டு மணி நேரத்தில் எட்டாத ஊரை நினைக்கவே கூடாது. அதிலும் ஒரு நாள் வெளியே, ஒரு நாள் வீட்டில். ஞாயிறு மாலை ஊர் முழுக்க ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பும். பரனூர் டோலில் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வந்தால், பார்த்த இடத்தின் சந்தோஷமெல்லாம் அங்கேயே கரைந்துபோகும்.

இது ஜனவரி. வேடந்தாங்கலுக்கு ஏற்ற மாதம். 80 கிலோமீட்டர்கூட இருக்காது. செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலப்பக்கம் திரும்பினால் வயல்கள்தான். வடகிழக்குப் பருவமழை பொய்த்த வருஷத்தில் ஏரி வறண்டு பறவையே வராது. அதனால் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே விசாரித்துக்கொள். காலையில் ஏழு மணிக்குள் கரையில் நின்றால் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். ஒரே மரத்தைப் பிள்ளைகள் அரை மணி நேரம் பார்க்கட்டும். 'போதும் வா' என்று இழுக்காதே.

ஊர் மக்கள் காத்துவந்த ஏரி அது. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் பயிருக்குத் தனி உரம் வேண்டாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் உத்தரவு வாங்கினார்கள். பெரியவளுக்கு இதைச் சொல். பாடப் புத்தகத்தில் படிப்பதைவிட அந்தக் கரையில் நின்று கேட்டால் அவளுக்கு நன்றாகப் புரியும்.

வெயில் ஏறியதும் உத்திரமேரூர் போங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்லில் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. ஆயிரத்து நூறு வருஷப் பழசு. குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சின்னப் பையன் என்று சொன்னால் நம் சின்னவன் நிமிர்ந்து உட்காருவான். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்.

இனி முக்கியமான விஷயம். வெளியூர்ப் பயணமென்றால் நம் வீட்டுப் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை, கவனித்திருக்கிறாயா? வழியில் நல்ல கழிப்பறை கிடைக்குமா என்ற பயம்தான். உன் அம்மாவும் அப்படித்தான், சொல்ல மாட்டாள். தலைவலியோடு திரும்பி இரண்டு நாள் படுத்துக்கொள்வாள். அவள் கேட்கக் காத்திராமல் நீயே மணிக்கு ஒருமுறை நல்ல ஓட்டலாகவோ பெட்ரோல் பங்காகவோ பார்த்து வண்டியை நிறுத்து. அவளுக்கு முழங்கால் வலியும் இருக்கிறது, இறங்கி நாலு எட்டு நடந்தால் நல்லது.

வெள்ளி இரவு மருமகளை அடுப்படியில் நிற்க வைக்காதே. அவளுக்கும் அது லீவுதான். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும், நீயே கட்டி எடுத்து வை. மதியம் ஓட்டலில் சாப்பிடலாம்.

பின் சீட்டிலும் எல்லாரும் பெல்ட் போட வேண்டும். சின்னவனை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளவே கூடாது. ஏர்பேக் விரிந்தால் அடி அவனுக்குத்தான். டயரில் காற்றை வெள்ளிக்கிழமையே பார்த்துவிடு. நடுராத்திரியே கிளம்பும் ஆசையில் தூக்கத்தைக் குறைக்காதே. ஐந்து மணிக்குப் புறப்பட்டால் போதும்.

உன் பெரியப்பாவின் பைனாகுலர் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு வரும்போது வந்து வாங்கிக்கொண்டு போ, ராத்திரி இங்கேயே சாப்பிடலாம்.

அன்புடன்,
பெரியம்மா