விரிசல் கண்ட பம்புக்குப் பித்தளை ஒட்டு

நெற்பயிர் பூக்கும் தருணத்தில் பம்பின் வார்ப்பிரும்பு உறையில் விரிசல் கண்டால் விவசாயிகள் பதறிப்போய், கிடைத்த பட்டறையில் சாதாரண மின் வெல்டிங் செய்துவிடுகின்றனர். வார்ப்பிரும்பில் கரி மிகுதி. ஓரிடம் மட்டும் கடுமையாகச் சூடேறிச் சட்டெனக் குளிர்வதால், ஒட்டின் ஓரம் கெட்டிப்பட்டு அங்கேயே புது விரிசல் விடும். இதற்குப் பித்தளை ஒட்டே ஏற்றது. பட்டறைகளில் இதனைப் பிரேசிங் என்பர்.

இதற்கான பித்தளைக் கம்பியில் செம்பு சுமார் 60 பங்கும் துத்தநாகம் சுமார் 40 பங்கும் உள்ளன. இது ஏறத்தாழ 900 டிகிரி செல்சியசில் உருகும். வார்ப்பிரும்பு உருக 1,100 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே உறை உருகாமலே, பித்தளை மட்டும் உருகிப் படர்ந்து பற்றிக்கொள்கிறது.

வேலை நடக்கும்போது பட்டறையில் உடனிருப்பது நல்லது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கு, துரு, பெயிண்ட் யாவும் நீங்கவேண்டும். விரிசல் மேலும் ஓடாதிருக்க இரு முனைகளிலும் 3 மி.மீ. துளையிடவேண்டும். பின்னர் விரிசல் நெடுகிலும் உளியால் பள்ளம் வெட்டி அரத்தால் சீர்செய்யவேண்டும். சாணைக்கல்லால் மட்டும் தேய்த்தால் கரி மேற்பரப்பில் பூசினாற்போல் படிந்து பித்தளையை ஒட்டவிடாது.

உறை முழுவதையும் மெல்லச் சூடேற்றி, ஒட்டுமிடம் மங்கிய சிவப்பானதும் வெங்காரம் தோய்த்த கம்பியை உருக்கவேண்டும். உருகிய பித்தளை தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டோடினால் சூடு போதவில்லை, அல்லது அழுக்கு இருக்கிறது என்று பொருள். அதன்மேல் இன்னும் கம்பியை உருக்குவது வீண்செலவே. முடிந்ததும் உலர்ந்த சாம்பலில் புதைத்து, கை பொறுக்கும்வரை ஆறவிடுக. தண்ணீரில் போடலாகாது. ஆறியபின் கண்ணாடிபோல் படிந்திருக்கும் வெங்காரக் கசடை நீக்குக. அது ஊசித் துளைகளை மறைத்துவிடும்.

சூடு மிஞ்சினால் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அதனைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும். ஆகவே காற்றோட்டமான இடத்தில்தான் இவ்வேலை நடக்கவேண்டும்.

தாங்கி பொருந்தும் இடத்திலேயே உறை பிளந்திருந்தால் புது உறை வாங்குவதே மேல். எஞ்சினின் புகைபோக்கிக்கும் இந்த ஒட்டு உதவாது. அச்சூட்டில் பித்தளை வலுவிழக்கும். அமோனியா பித்தளையை வெடிக்கச் செய்யுமாதலால், உரக்கரைசல் ஓடும் பாகங்களுக்கும் வேண்டாம். டீசல் தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். அதன் அருகில் சுடரைக் கொண்டு செல்லவே கூடாது.