கைக்குழந்தையும் இணையவழிப் பட்டமும்

“குழந்தை தூங்கும்போது படித்துக்கொள்ளலாம்.”

புதிதாகத் தாயான பெண்ணுக்கு எல்லோரும் சொல்லும் யோசனை இது. அவளுக்கு அதிகக் கெடுதல் செய்வதும் இதுதான். பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். அது கண் அசரும் நேரத்தில் பிள்ளை பெற்ற உடம்புக்கும் தூக்கம் வேண்டும். பதிவுசெய்த வகுப்பை எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்பது சரி. ஆனால் குழந்தையை யாராவது கையில் வாங்கிக்கொண்டால்தான் அந்த நேரம் கிடைக்கும். தினமும் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை குழந்தை கணவர் பொறுப்பு என்பதைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். அவருக்கும் அது பிள்ளைதானே. மாமியார் பார்த்துக்கொள்வார், அம்மா வருவார் என்ற பொதுவான நம்பிக்கையில் சேர்ந்தால், முதல் அசைன்மென்ட்டிலேயே திணறிப்போவீர்கள்.

“வீட்டைவிட்டு நகரவே வேண்டாம்.”

பாடம் வீட்டில்தான். தேர்வு பெரும்பாலும் அப்படியில்லை. சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். படிப்புக்கும் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு ஜூனிலும் டிசம்பரிலும் மையங்களில் தேர்வு நடக்கிறது. பால்குடிக் குழந்தை என்றால் மையம் தேர்ந்தெடுக்கும்போதே தூரத்தைப் பாருங்கள். வீட்டில் பிழிந்து வைத்துவிட்டுப் போகும் தாய்ப்பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் ஜூனுக்கு ஃபிரிட்ஜ்தான் சரி.

“மூன்று வருடத்தில் முடிக்காவிட்டால் போச்சு.”

இல்லை. இக்னோவின் பி.ஏ. படிப்பை முடிக்க ஆறு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. ஒரு பருவத் தேர்வைத் தள்ளிப்போடுவது தோல்வியாகாது.

“ஆன்லைன் டிகிரிக்கு மதிப்பில்லை.”

அங்கீகாரம் பெற்ற இணையவழி, தொலைநிலைப் பட்டங்கள் நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாக அறிவித்தது. விளம்பரத்தை நம்பாமல், அந்தப் பல்கலைக்கழகமும் பாடமும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பொறியியல், நர்சிங், சட்டம் ஆகியவற்றை இந்த வழியில் படிக்க அனுமதி இல்லை. தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசை வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரே டிகிரி வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

“கர்ப்பமானால் கல்லூரியை விட்டுத்தான் ஆக வேண்டும்.”

அவசரப்பட்டு டி.சி. வாங்காதீர்கள். இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கு மகப்பேறு விடுப்பும் வருகைப் பதிவில் சலுகையும் தர விதிகள் வகுக்கும்படி மானியக் குழு 2021 டிசம்பரிலேயே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அதைச் சுட்டிக்காட்டி கல்லூரி முதல்வருக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஏற்கெனவே பாதியில் நின்றவர்கள், பழைய செமஸ்டர்களின் மதிப்பெண் பட்டியல்களைக் காட்டி, எந்தப் பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று புதிய பல்கலைக்கழகத்திடம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.