கொப்பி அம்மாவிடம் இருக்கட்டும்

அன்புள்ள மகள்,

வலப்பனைக்கு உனக்கு மாற்றல் வந்துவிட்டது, நாலு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார். ஒன்று போதும். நுவரெலியா மாவட்டம் என்றவுடன் எல்லோரும் குளிரைத்தான் நினைக்கிறார்கள். வலப்பனை டவுன் அப்படியில்லை. இராகலை, உடப்புசல்லாவைப் பக்கம் ஏறினால்தான் பல் அடிக்கும். மிச்சக் காசுக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கு. தோட்டத்து லய வீடுகளின் படிகள் மழைக்குப் பாசி பிடித்துக் கிடக்கும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய நோயுள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பை உன்னிடம் தரப்போகிறார்கள், எங்கே தொடங்குவது என்று எழுதியிருந்தாய். மருந்தைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. உன் படிப்பு என் படிப்பைவிடப் புதியது. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன், அதிலிருந்து தொடங்கு.

ஒரு பிள்ளை இருந்தது. பேர் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு. எட்டாம் மாதம் வலிப்பு தொடங்கியது. ஒரு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. கஞ்சி கொடுத்தால் புரையேறும். இருதயத்துக்கு ஒரு கிளினிக், வலிப்புக்கு இன்னொன்று, கை கால் பயிற்சிக்கு வேறொரு ஊர். எடை பார்க்க மிட்வைஃப், காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி. ஐந்து இடம், ஐந்து கொப்பி. இருதய டொக்டருக்கு அந்தப் பிள்ளை ஓர் இருதயம், வலிப்பு டொக்டருக்கு ஒரு மூளை. முழுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் தாய் ஒருத்திதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டேன். என் மேசை லாச்சியில் ஒரு சீஆர் கொப்பி. கிளினிக் தேதி, மருந்தளவு, எப்போது இரத்தம் எடுக்க வேண்டும், எந்த வாட்டில் யாரிடம் கதைத்தால் காரியம் ஆகும், எல்லாம் அதில் இருந்தது. தாய் வந்து, “மிஸி, நாளைக்கு எங்க போகணும்?” என்று கேட்பாள். சொல்வேன். போவாள். என்னை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. லாச்சியைத் துப்புரவாக்கி, கொப்பியை அடுத்து வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அவருக்கு என் கையெழுத்தே விளங்கியிருக்காது. ஆறு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அந்தத் தாயைக் கண்டேன். இருதய கிளினிக் இரண்டு தவணை தவறிப்போயிருந்தது. வலிப்பு மருந்து முடிந்து ஒரு வாரம் வெறுமனே இருந்திருக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நிற்காத வலிப்பு வந்து, பிள்ளை பதினொரு நாள் வாட்டில். “நீங்க போனப்புறம் எங்களுக்கு ஒன்னுமே வெளங்கல மிஸி” என்றாள். என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்திருந்தவள் கை கழுவ எழுந்துவிட்டேன்.

இரண்டு வருடம் அவளைச் சுமந்தேன், ஒரு நாளும் நடக்கப் பழக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் கொப்பி உன் லாச்சியில் இருக்கக் கூடாது. தாயிடம் இருக்கட்டும்.

1967இல் அமெரிக்காவின் குழந்தை மருத்துவர் சங்கம் ‘மருத்துவ வீடு’ என்றொரு சொல்லைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். முதலில் அதற்கு இருந்த பொருள் சின்னது: நாட்பட்ட நோயுள்ள பிள்ளையின் பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் மலையில் அந்த இடம் எது? ஆஸ்பத்திரி அலுமாரியை நான் நம்பமாட்டேன். லயத்துக் காம்பிராவுக்குள் போனால் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎஃப் கடதாசி எல்லாம் அதற்குள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு, கையில் கடதாசி இல்லாதவனுக்கு நாடும் இல்லை என்று பட்டுத் தெரிந்துகொண்ட சனம் இது. “இந்தத் தாள் முக்கியம்” என்று ஒரு தரம் சொல்லிப் பார். வீட்டுக் கூரை ஒழுகினாலும் அந்தத் தாள் நனையாது.

அந்தக் கொப்பியின் முதல் பக்கம் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். நடுச்சாமத்தில் கடமையில் இருக்கிற புது டொக்டர் அரை நிமிடத்தில் வாசித்து முடிக்கிற மாதிரி எழுது. பிள்ளையின் நோய்கள், இப்போதைய எடை, மருந்துகளும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, அடுத்த கிளினிக் நாட்கள். இதோடு இன்னொன்றையும் எழுது, நான் பல வருடம் கழித்துத்தான் கண்டுகொண்டேன்: ‘இந்தப் பிள்ளை நல்லாயிருக்கும்போது எப்படி இருக்கும்’. நீலம் பாய்ந்த உதடு சில பிள்ளைகளுக்கு அன்றாட நிறம். தெரியாதவர் பதறுவார், இல்லாவிட்டால் பதற வேண்டிய நாளில் சும்மா இருப்பார்.

மேல்பாதியைச் சிங்களத்தில் எழுது, கீழ்ப்பாதியைத் தமிழில். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாட்டில் அரசியலமைப்பைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? சிங்கள டொக்டர்மாரில் அருமையான மனிதர்கள் எத்தனையோ பேரோடு வேலை செய்திருக்கிறேன். தாய் சொல்வது அவர்களுக்கு விளங்காமல்போவது அவர்களின் கெட்ட மனத்தால் இல்லை. தாய்க்கு வேண்டிய சிங்களத்தை நீயே பழக்கிக் கொடு. முழு மொழி வேண்டாம், ஏழெட்டு வசனம் போதும். வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது, மருந்து எப்போது கொடுத்தேன், என் பிள்ளைக்கு இருதய நோயும் இருக்கிறது. இவற்றை அவள் வாயால் சொல்லவை. முதல் தடவை வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அடுத்த கிளினிக்கில் பின்னால் நின்றுகொண்டு, அவளையே பேசவிடு. உன் நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்.

வாசிக்கத் தெரியாத தாய்மாரும் உண்டு, பாட்டிமார் நிறைய. காலை மருந்துக்குச் சூரியன், இரவு மருந்துக்கு நிலா வரைந்தால் போதும். அளவுக்குத் தேக்கரண்டி வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டுக் கரண்டிக்கும் அடுத்த வீட்டுக் கரண்டிக்கும் பொருத்தமில்லை. சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, எந்தக் கோடு வரை இழுக்க வேண்டுமோ அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிடு. எடை கூடி அளவு மாறினால் பழைய பிளாஸ்டரை உன் கையாலேயே உரித்து எறி. சின்னப் பிள்ளைக்கு மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு என்று எழுதிவிடுவார்கள். அதை எந்தக் கத்தியால் வெட்டுவது? கரைத்துக் கொடுக்கக்கூடிய மாத்திரையா என்று மருந்தாளரிடம் முதலில் கேள். ஆம் என்றால் 8 மில்லிலீற்றர் தண்ணீரில் கலக்கி, அடியில் தங்க முன்னமே 1 மில்லிலீற்றர் இழுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடச் சொல். கொட்ட மனம் வராது அவர்களுக்கு, அதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவை. மருந்துப் போத்தலை அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைப்பார்கள், எலி எட்டாத இடம் என்று. இன்சுலினாக இருந்தால் அந்தச் சூட்டிலேயே கெட்டுப்போகும். காம்பிராவுக்குள் குளிர்ந்த மூலை எது என்று நீயே தேடிக் காட்டு.

இனிப் பஸ் கதை. உன் வேலையில் பாதி இதுதான், பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

நம் நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம், பெரிய விஷயம், நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு த்ரீவீல் இலவசமில்லை. படியபெலெல்ல, ரிகில்லகஸ்கட, ஹங்குராங்கெத்த என்று வளைந்து வளைந்து கண்டிக்கு இறங்குகிற பஸ் இலவசமில்லை. அங்கிருந்து பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். எல்லாவற்றுக்கும் மேலே, அன்றைக்குத் தாய்க்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. மலைக்குப் போகாத நாளுக்கு அதில் ஒரு சதமும் வராது. மாதத்தில் நாலு கிளினிக் என்றால் நாலு பேர் போயிற்று. “அக்கறையில்லாத தாய், கிளினிக்குக்கு வரமாட்டாள்” என்று கார்டில் எழுதுகிற பேனையை எடுக்க முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்.

ஊர் உலகத்தில் இல்லாத சங்கடம் என்று நினைக்காதே. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்று ஒரு சிறுமி. குழந்தையிலேயே மூளையழற்சி வந்து, மூச்சுக்கு இயந்திரம் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தால் அரசு காசு கொடுக்கும், வீட்டுக்குக் கொண்டுபோனால் கொடுக்காது. வீட்டில் பார்ப்பதுதான் செலவு குறைவு, ஆனாலும் சட்டம் அப்படி. 1981இல் ஜனாதிபதி ரீகனே அதைப் பற்றிப் பேசும் அளவுக்குப் போய், விதியை மாற்றினார்கள். அவள் வளர்ந்து, 2012 வரை வாழ்ந்தாள். அவளுடைய தாய் விடாமல் நின்றதால் நடந்தது அது. நம் தாய்மாரும் நிற்பார்கள். பெரட்டுக்கும் வேலைக்கும் போகாமல் எத்தனை நாள் நிற்க முடியும் என்பதுதான் கேள்வி.

நீ விதியை மாற்ற வேண்டாம், தேதியை மாற்று. கிளினிக் கிளார்க்கை அழைத்து, இரண்டு கிளினிக்கையும் ஒரே நாளில் போடச் சொல். முதல் தரம் முடியாது என்பார். மூன்றாம் தரம் உன் குரலைக் கேட்டதுமே தேதி சொல்வார். அதே பயணத்தில் இரத்தமும் எடுக்கட்டும். வாட்டிலிருந்து டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, அடுத்த தவணை வரை மருந்து காணுமா என்று எண்ணிப்பார். தோட்டத்துரைக்கோ கணக்கப்பிள்ளைக்கோ ஒரு கடிதம் கொடுத்தால் சில இடங்களில் பாதி நாள் பேராவது தேறும்.

மழையை மறக்காதே. நம் பக்கத்துக்கு ஐப்பசியிலிருந்து தை வரைதான் பெருமழை. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை இறங்கி ஆட்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோதும் மலைநாட்டுப் பாதைகள் அறுந்தன. புரட்டாதியிலேயே ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாரத்து மருந்து கூடுதலாக இருக்கும்படி செய். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் லயத்து வாசலுக்கு எல்லா இடத்திலும் வராது. எங்கே வந்து நிற்க முடியும், கோயிலடியா, கொழுந்து மடுவமா, அந்த இடத்தைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவை. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும். அதுவரை ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே. கையில் சாவியைக் கொடுப்பார்கள். அதனால் கேடில்லை, சண்டை பிடிக்காதே. வாய்க்குள் கரண்டி போனால்தான் சண்டை.

லயத்துக்குப் போகும்போது நோயாளிப் பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே. மூக்கில் குழாயுள்ள பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் ஏற்கப் பயப்படுவார்கள். தாய் கொழுந்துக்குப் போனால் பிள்ளை யாரிடம்? பல வீட்டில் பன்னிரண்டு வயது அக்காவிடம். அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேள். அவளுடைய பேரையும் கொப்பியில் எழுது. குழாய் வழியே பால் ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை அந்த வீட்டில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அது எனக்குப் பெருமையாகவும் இருந்திருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருந்திருக்கிறது.

சில பிள்ளைகள் தேறமாட்டார்கள். அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன், ஒரு கடிதத்தில் அடங்காது.

நான் வருகிற மாதம் இராகலைக்கு வருவேன், தேருக்கு. நீ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பிள்ளையின் மருந்து எந்தத் தேதியில் முடியும் என்று எண்ணிப் பார்த்து வைத்துக்கொள். தாயிடம் சொல்லாதே. அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் அவளே வந்து உன்னிடம் சொல்கிறாளா என்று பார். வராவிட்டால் அன்று பின்னேரமே படி ஏறு. வந்தால் எனக்கு ஒரு கோல் எடு.

அன்புடன்,
உன் பழைய மிஸி